தட்டிக் கேட்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பத்தாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. விமான இன்ஜினுக்குள் போரோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு டர்பைன் பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்த உன் வேலையில், விரிசலையும் கருகலையும் இப்போது செயற்கை நுண்ணறிவே குறியிட்டுக் காட்டுகிறது என்றும், இன்னும் பத்து ஆண்டில் அங்கே உனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை என்றும் நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

ஒன்றும் ஆகாது என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். படங்களைப் பிரித்து அடுக்குவதும், பதிவேடு எழுதுவதும், எந்த உதிரிபாகம் எப்போது தேயும் என்று கணிப்பதும் கைமாறத்தான் போகின்றன. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், ஏறத்தாழ 90,000 முறை பறந்திருந்த ஒரு போயிங் 737-இன் முன்பக்கக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போய், பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், ரிவெட் ஆணித் துளைகளை ஒட்டி விரிசல் ஓடியிருந்தது. சோதித்தவர்களின் கண்ணில் அது படவில்லை. விமானத்தில் ஏறும்போதே ஒரு விரிசலைப் பார்த்த பயணியும் யாரிடமும் சொல்லவில்லையாம். நள்ளிரவில் நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளை உற்றுப் பார்க்கும் கண் சோர்வது இயல்பு. சோராத கண் ஒன்று துணைக்கு வந்தால் வரட்டும்.

என் கவலை வேறு. சென்ற ஆண்டு கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் பட்டாலைக் கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். லேசர் மட்டக்கருவி எல்லாம் சரி என்று காட்டியது, வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டார்கள், நாற்பது வருடமாக விரல் மடக்கித் தட்டிப் பார்க்கும் நானும் அன்று தட்டாமல் எழுந்துவிட்டேன். ஐப்பசி மழை முடிவதற்குள் பதினொரு கற்கள் தூக்கிக்கொண்டன. கருவி பொய் சொல்லவில்லை, மேல்பரப்பு மட்டமாகத்தான் இருந்தது. அடியில் கலவை சேராமல் பொள்ளலாகக் கிடந்ததை அளக்க அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் மென்பொருளும் தனக்குக் காட்டிப் பழக்கிய பழுதைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். புதிதாக ஒன்று வந்தால் அது என்ன செய்யும் என்பதை நீதான் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒன்று செய். மென்பொருள் போட்ட குறியைப் பார்ப்பதற்கு முன், உன் கண்ணுக்குப் பட்டதை ஒரு நோட்டில் எழுதிவை. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் தேதியோடு குறித்துவா. இரண்டு வருடத்தில் அது எங்கே தடுமாறும் என்பது உன் ஹேங்கரில் வேறு யாரையும்விட உனக்குத் தெரிந்திருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் அப்படியே பழக்கு. குறியை மட்டுமே பார்த்து வளர்கிறவனுக்கு விரிசல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் உரிமத் தேர்வைத் தள்ளிப்போடாதே. பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடுகிறவர் உரிமம் பெற்ற மனிதர்தான்; தவறு நேர்ந்தால், மென்பொருள் சொன்னது என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இழையும் பிசினும் அடுக்கிச் செய்த காம்போசிட் பலகையில் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று நாணயத்தால் தட்டிக் கேட்கும் வழக்கம் உங்களிடமும் உண்டு என்று நீ சொன்ன நாளில், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மாவுக்கு அதில் இன்னும் சிரிப்பு.

தைக்கு வரும்போது அந்த நாணயத்தை எடுத்துக்கொண்டு வா. அந்தப் பட்டாலையில் கிழக்கு ஓரமாக நான்கு கற்கள் எனக்குச் சந்தேகமாக இருக்கின்றன. என் காது முன்போல் இல்லை. நீ வந்து கேட்டுச் சொல்லும்வரை பெயர்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா