நீளம் குறைந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், நாம் அளந்துவரும் குகையின் நீளம் 612 மீட்டர் என்று வாசித்தேன். கைதட்டினீர்கள். இந்த ஆண்டு அது 571 மீட்டர். குகை சுருங்கவில்லை. 41 மீட்டரை நாம் இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சடங்குகளை முடித்துவிடுவோம்.

உறுப்பினர்கள் 23 பேர். அவர்களில் உள்ளே இறங்குபவர்கள் 9 பேர். மற்றவர்கள் பசியாறல் வாங்கி வருவதையும், வெளியே காத்திருந்து நேரம் குறிப்பதையும் பார்த்துக்கொள்கிறார்கள். குறிப்பாளர் வெளியே இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை என்பது நம் விதி, ஆகவே அதுவும் களப்பணிதான். செயலவை 6 முறை கூடியது. குகைக்கு 11 முறை போனோம். இன்னும் 3 முறை கிளம்பி, மழையால் வாசலிலேயே திரும்பினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கயிறு வாங்கிய செலவு கூடுதலாகத் தெரியும். பழைய கயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். நுழைவு அனுமதிக் கடிதத்துக்கு ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதம் அலைந்தோம். கிடைத்துவிட்டது, அதனால் அந்தக் கதை வேண்டாம்.

குகை இருக்கும் இடத்தை இந்த ஆண்டும் எழுதவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பேங் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடம் தெரிந்துவிட்டால் அடுத்த மாதமே சுவரில் யாராவது பெயரும் தேதியும் கிறுக்கிவைப்பார்கள். அதே பக்கத்துக் குவா தெம்புரோங் குகையில் பழைய கிறுக்கல்களைப் பார்த்திருக்கிறோம். சில காலத்தால் வரலாறாகிவிட்டன. நேற்று எழுதியது அழுக்குத்தான்.

இனி அந்த 41 மீட்டர்.

நுழைவாயிலிலிருந்து பெரிய மண்டபம் வரை நேராக ஒரு பாதை, 80 மீட்டர். இதுதான் குகையின் முதுகெலும்பு. வாசலுக்கு அருகே வலப்பக்கம் ஒரு சந்து பிரிகிறது. மூத்த உறுப்பினர்கள் டேப்பும் காம்பஸும் வைத்து அதை அளந்து, ஒரு தேரையை எதிர்கொண்டதால் ‘தவளைச் சந்து’ என்று பெயரிட்டார்கள். கூரை தாழ்ந்த இடத்தில் திரும்பிவிட்டார்கள். பிறகு இளைஞர் அணி மண்டபத்தின் பக்கமிருந்து இன்னொரு சந்துக்குள் தவழ்ந்து போனது. கூரை அடுக்கடுக்காக மடிந்திருந்ததால் அதற்கு ‘ரொட்டி சானாய்’ என்று பெயர். அவர்களும் ஓர் இறக்கத்தின் மேல் நின்று, கையில் கயிறு இல்லாததால் திரும்பினார்கள். வரைபடத்தில் இரண்டும் 7 மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடின. பார்க்க அழகாக இருந்தது. இணைச்சந்துகள் என்று பெருமையாகப் பேசினோம்.

செப்டம்பரில் ரொட்டி சானாய்க்குள் போன தம்பி ஒருவன், ஓய்வெடுக்கத் திரும்பி உட்கார்ந்தபோது பாறையின் மறுபக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். நகப்பூச்சு. பக்கத்தில் எண் 14. அது பெரியவர்கள் தவளைச் சந்தில் வைத்த அளவைப் புள்ளி. பொருளாளர் தன் மகளிடம் கேட்காமல் எடுத்துவந்த புட்டி, அந்த நிறத்தை நமக்கெல்லாம் தெரியும். எதிர்த்திசையிலிருந்து வருபவர்களின் கண்ணில் படாத முகத்தில் வைத்திருந்ததால் அதுவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு சந்துகள் இல்லை. ஒரே சந்துக்கு இரண்டு பெயர், இரண்டு கணக்கு.

சரி, பின் அந்த 7 மீட்டர் எங்கிருந்து வந்தது? அதைத் தேடவே மூன்று பயணம் ஆனது. விடை என் வீட்டில்தான் இருந்தது.

முதுகெலும்புப் பாதையை அளந்தது டிஸ்டோஎக்ஸ் கருவியால். லேசர் தூரம் காட்டும் சாதாரணக் கையடக்கக் கருவிக்குள், திசையும் சாய்வும் அறியும் பலகை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்று எண்களும் வந்துவிடும், கைப்பேசிக்கும் போய்விடும். ஆனால் திசையை அது பூமியின் காந்தப்புலத்திலிருந்துதான் எடுக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் கொஞ்சம் காந்தத்தன்மை உண்டு. ஆகவே பேட்டரி மாற்றினால் கருவியை மறுபடி பழக்க வேண்டும்: 14 திசைகளில், ஒவ்வொன்றிலும் கருவியை நான்கு விதமாகச் சுழற்றி, மொத்தம் 56 அளவு. முழு அரை மணி நேர வேலை. பயணத்துக்கு முதல் நாள் இரவு பேட்டரி மாற்றியது நான். ‘நாளைக்குச் செய்யலாம்’ என்று விட்டதும் நான். அடுத்த பயணத்துக்குக் கருவியை எடுத்துப்போனவர் முறைப்படி பழக்கிவிட்டார். அதனால் அதற்குப் பிந்திய அளவுகள் எல்லாம் சுத்தம். என் ஒரு நாள் பிழை மட்டும் தாளில் தங்கிவிட்டது. 5 பாகை திரும்பினால் 80 மீட்டருக்கு அப்பால் 7 மீட்டர் தள்ளிப்போகும். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் தரையில் படுத்து அளக்கும்போது யாருக்கும் தோன்றவில்லை.

பொதுவில் ஒத்துக்கொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: போன வழியே திரும்பி வரும் குகையில் இப்படிப்பட்ட பிழை தெரியவே தெரியாது. பாதை சுற்றிவந்து புறப்பட்ட புள்ளியிலேயே சேரும்போதுதான் கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க முடியும். நமக்குச் சுற்று கிடையாது என்று நம்பியிருந்தோம். சந்து ஒன்றுதான் என்று தெரிந்ததும் சுற்று தானாக வந்துவிட்டது. முதுகெலும்பை மறுபடி அளந்தோம். 180 மீட்டர் சுற்றி வந்து 60 சென்டிமீட்டர் விலகல். 0.3 விழுக்காடு. அந்த மிச்சத்தை சர்வெக்ஸ் மென்பொருள் எல்லாப் புள்ளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. பிரிட்டிஷ் குகை ஆய்வுச் சங்கத்தின் 5ஆம் தரம் கோணத்துக்கு 1 பாகை, புள்ளிக்கு 10 சென்டிமீட்டர் என்று கேட்கிறது. இப்போது அந்தத் தரத்தை நெருங்கியிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

‘ஒரு வருஷம் முழுக்கப் புதிதாக ஒரு மீட்டர்கூட இல்லையே’ என்று சிலர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். நியாயமான வருத்தம். அவர்களுக்காகத்தான் ஜூலையில் தாம் லுவாங் பற்றிய மாலைப் பேச்சை வைத்தோம். 2018 ஜூன் 23 அன்று வடக்குத் தாய்லாந்தின் அந்தக் குகைக்குள் போன 12 கால்பந்துச் சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். முக்குளிப்பவர்கள் அவர்களைக் கண்டது ஜூலை 2. கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. எங்கே தேடுவது என்று முடிவுசெய்ய, 1980களில் பிரெஞ்சுக் குகையாய்வாளர்கள் அளந்து வரைந்த வரைபடம் கையில் இருந்தது. அதை வரைந்த நாளில் யாரும் அதற்காக அவர்களுக்குக் கைதட்டியிருக்க மாட்டார்கள். மீட்புக்காகக் காற்று உருளைகள் கொண்டுபோன சமன் குனான் அந்தக் குகையிலேயே இறந்தார். அவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சு முடிந்தது. அன்று தே தாரே தேநீர்கூட யாரும் கேட்கவில்லை.

அதே மாலையில் சரவாக்கின் முலு குகைகள் பற்றியும் பேசினோம். அங்குள்ள சரவாக் மண்டபத்தை 1981இல் முதலில் கண்ட மூன்று பிரிட்டிஷ் குகையர்கள் சுவரைப் பிடித்தபடி அளந்துகொண்டே போனார்கள். எதிர்ச்சுவரை விளக்கு எட்டவே இல்லை. அளந்த எண்களைத் தாளில் போட்ட பிறகுதான் 600 மீட்டர் நீளமும் 400 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள ஒரே அறைக்குள் இருந்திருக்கிறோம் என்று புரிந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததல்ல அது.

‘ஆழமான குகைக்கு எப்போது?’ என்றும் ஒரு கேள்வி. அப்காசியாவின் வெர்யோவ்கினா குகை 2,200 மீட்டருக்கு மேல் ஆழம். நம் குகையில் மிக உயர்ந்த புள்ளிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் வித்தியாசம் 38 மீட்டர். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் சமவெளியில் தூண் தூணாக நிற்கின்றன. நிலத்தடி நீர் சமவெளி மட்டத்திலேயே நின்றுவிடுவதால், தண்ணீர் கீழே குடையாமல் பக்கவாட்டில் குடைகிறது. ஆழம் வேண்டுமென்றால் விமான டிக்கெட் வேண்டும். பொருளாளரைப் பாருங்கள்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. பிற்பகல் இடிமழை காரணமாக நண்பகலுக்கு முன் வெளியேறும் விதி தொடரும். ஒருநாள் 12.20க்கு வந்த அணியைத் தலைவர் கண்டித்தார். அரை மணியில் ஓடை முழங்காலுக்கு வந்தது, வாக்குவாதம் நின்றது. வௌவால் எச்சம் காய்ந்த இடங்களில் முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசியிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். வௌவால்களைத் திட்டுபவர்களுக்கு: டுரியான் பூவுக்கு இரவில் மகரந்தம் சேர்ப்பதும் குகை வௌவால்தான்.

புதிய விதி ஒன்று. ஒவ்வொரு பயணத்துக்கும் முன், கார்களுக்குத் தள்ளி, பெரிய மரத்துக்கும் எல்லைக்கல்லுக்கும் இடையே அளந்து, திசை பழைய எண்ணோடு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். முதலில் என்னைச் சோதியுங்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேலை. புள்ளி 63இல், மண்டபத்தின் பின்சுவரில், கைவிரல் அளவுக் கீறலிலிருந்து காற்று வருகிறது. மழைக்கு முன் வெளியே வீசுகிறது, மழைக்குப் பின் உள்ளே இழுக்கிறது. இரண்டு முறை எழுதிவைத்திருக்கிறேன். அப்பால் இன்னும் குகை இருக்கலாம் என்று நினைக்க இதுதான் காரணம். கீறலுக்குக் கீழே களிமண், கையாலேயே அள்ளலாம். பிப்ரவரியில் தொடங்குகிறோம், வாளி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். புதிய புள்ளிகளுக்கு நகப்பூச்சும் வேண்டும். சிவப்பு வேண்டாம், பச்சை கிடைத்தால் நல்லது. பாறையின் இரண்டு பக்கமும் வைப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்