விக்காவில் இடம் தேடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

சர்ச்சிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ வாய்திறக்க முடியாமல் இருந்து, கடைசியில் இயற்கையையும் தேவியையும் சடங்குகளால் வழிபடும் விக்கா என்ற மதத்தின் பக்கம் திரும்பியிருக்கும் தன்பாலீர்ப்பு நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் விக்கன் இல்லை, அதை வாசித்துத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். "அங்கே பாவம் என்ற பேச்சே இல்லை, யாரும் நம்மைத் துருவுவதில்லை" என்று நீங்கள் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையோடு, "பழைய மதங்களில் இந்த வெறுப்பே கிடையாது, எல்லாம் ஆபிரகாமிய மதங்கள் (யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்) கொண்டுவந்தது" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

விக்கா பழைய மதம் இல்லை. ஆரம்பத்தில் அது உங்களைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை.

அதை உருவாக்கிய ஜெரால்ட் கார்ட்னர் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் கிடையாது. 1900இல், பதின்வயதில், இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலைப் பழகிக்கொண்டு, ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார். நம் ஆட்கள் கொழுந்து பறித்த மலைநாடுதான். அப்புறம் போர்னியோ, மலாயா என்று சுற்றி, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகுதான் சூனியக்காரிகளின் பழைய மதம் இன்னும் உயிரோடிருப்பதாகப் பேச ஆரம்பித்தார். 1951இல் சூனியத் தடைச் சட்டம் நீக்கப்பட்டது. 1954இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது.

அந்த 1954இல் இங்கிலாந்தில் ஆணும் ஆணும் சேர்வது சிறைக்குப் போகும் குற்றம். மாண்டேகு பிரபுவையும் அவரோடு இரண்டு பேரையும் அதே ஆண்டில்தான் உள்ளே தள்ளினார்கள். அந்தச் சட்டம் 1967இல்தான் தளர்ந்தது. கார்ட்னர் அதைப் பார்க்கவில்லை, 1964இலேயே காலமாகிவிட்டார்.

அவர் மதத்தின் அச்சு ஆண்–பெண் இணை. ஒரு பெண்ணுக்கு ஆண்தான் தீட்சை கொடுக்க வேண்டும், ஆணுக்குப் பெண். புதிதாக வருபவரின் கண்ணைக் கட்டி, கைகளைக் கயிற்றால் பிணைத்து, சடங்கு நடக்கும் வட்டத்துக்குள் கூட்டிப்போவார்கள். கிண்ணத்து மதுவில் கத்தியை இறக்கி அதைப் புனிதமாக்குவார்கள். கத்தி ஆண், கிண்ணம் பெண். இந்த இரண்டும் கூடினால்தான் சக்தி ஓடும் என்பது நம்பிக்கை. அப்படியானால் இரண்டு ஆண்கள்? அவர்களுக்கு இடமில்லை என்பதில் கார்ட்னருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பிரிக்கெட் வுட் என்ற ஊரில் இருந்த அவருடைய கூட்டத்தில் தலைமைப் பூசாரியாக இருந்த லோயிஸ் போர்ன் என்ற பெண், தன்பாலீர்ப்பு மேல் கார்ட்னருக்கு இருந்த வெறுப்பை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன்பாலுறவைத் தடுக்கும் பைபிளின் லேவியராகமம் இல்லை. நெருப்பில் அழிந்த லோத்தின் ஊர்க் கதை இல்லை. போப் இல்லை, மனு இல்லை. ஆனாலும் கதவு சாத்தியிருந்தது. வேதம்தான் வெறுப்பை உண்டாக்குகிறது என்றால் இது எங்கிருந்து வந்தது? ஊரில் நிலவிய நினைப்பை ஒரு மனிதர் வட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்கு 'இயற்கை விதி' என்று பெயர் கொடுத்தார். இது என் தீர்ப்பு, நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

ஒரு மதத்தில் 'ஆதிகாலச் சட்டம்' எப்படிப் பிறக்கிறது என்று கிட்டத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பையும் விக்கா தருகிறது. 1957இல் கார்ட்னர் பத்திரிகைக்காரர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ரகசியம் காக்க வேண்டிய கூட்டத்துக்கு இது தலைவலி. அந்தக் கூட்டத்துப் பெண் பூசாரி டோரின் வாலியன்டியும் வேறு சிலரும் சேர்ந்து, இனி இப்படி நடந்துகொள்வோம் என்று சில விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். கார்ட்னர் சொன்ன பதில்: அதெல்லாம் தேவையில்லை, நம் மரபுக்கு ஏற்கெனவே சட்டங்கள் இருக்கின்றன. பழங்கால ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பட்டியலையும் எடுத்து நீட்டினார். தலைமைப் பூசாரிக்கு வயதாகிவிட்டால் அவள் இளம்பெண் ஒருத்திக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வாலியன்டிக்கு அப்போது வயது 35. இப்படி ஒரு சட்டம் இருந்தால் இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று அவர் கேட்டார். திருப்தியான பதில் வரவில்லை. தன் ஆட்களோடு வெளியேறிவிட்டார்.

தன்பாலீர்ப்பு விஷயத்தில் வாலியன்டியும் முதலில் கார்ட்னர் சொன்னதைத்தான் ஏற்றிருந்தார். பின்னாளில் அது தப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் எழுதிக் கொடுத்த தேவி வாக்கை விக்கா கூட்டங்கள் இன்றும் ஓதுகின்றன. அன்பின் செயல், இன்பத்தின் செயல் ஒவ்வொன்றும் தன் வழிபாடே என்று தேவி அதில் சொல்கிறாள். யார் யாரோடு என்ற நிபந்தனை அந்த வரியில் கிடையாது.

மற்றவர்களையும் சேர்த்துப் பாருங்கள். கார்ட்னருக்கு அடுத்த பெரிய மரபைத் தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ் இருபாலீர்ப்பாளர். நியூயார்க்கில் எட்டி பசின்ஸ்கி, ஆண்–பெண் இணையைச் சுற்றியே கட்டிய சடங்குகளில் தன்னைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்காததால் 1977இல் 'மினோவன் சகோதரர்கள்' என்ற தனி மரபையே தொடங்கினார். 1989இல் எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. அமெரிக்க விக்கா எழுத்தாளர் ஸ்டார்ஹாக், 1979இல் வந்த தன் புத்தகத்தில் ஆண்–பெண் இணையை நடுவில் வைத்தவர், பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் இனி அப்படி எழுதமாட்டேன் என்று தானே குறிப்புச் சேர்த்தார். இன்றைக்கு நீங்கள் நிம்மதியாக உட்காரும் இடம் இவர்கள் சண்டைபோட்டு வாங்கியது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பெண்–பெண் காதலுக்கு விக்காவில் முதலில் இடம் போட்டவர்களில் ஒருவர் சூசன்னா புடாபெஸ்ட். 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கென்றே கூட்டம் தொடங்கியவர். அவரே 2012இல் சான் ஓசேயில் நடந்த மாநாட்டில் 'பிறப்பால் பெண்கள் மட்டும்' என்று ஒரு சடங்கு வைத்தார். திருநங்கைகளை வெளியே நிறுத்திய அந்தச் சடங்குக்கு எதிராக அறை வாசலில் பலர் மௌனமாக உட்கார்ந்தார்கள். நேற்று வெளியே நின்றவர் இன்று வாசலைக் காக்கிறார்!

சரி, நீங்கள் விட்டுவந்த பக்கம்? அங்கேயும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பெந்தெகொஸ்தே போதகராக இருந்து, தன்பாலீர்ப்பாளர் என்பதால் வெளியேற்றப்பட்ட ட்ராய் பெரி, 1968 அக்டோபரில் தன் வீட்டு வரவேற்பறையில் 12 பேரோடு ஓர் ஆராதனை நடத்தினார். அது இன்று பல நாடுகளில் இருக்கும் சபை. பிரிட்டனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் 1963இலேயே தன்பாலீர்ப்பைக் குற்றமாகப் பார்க்க முடியாது என்று எழுதினார்கள், 2009இல் தன்பாலினத் திருமணத்தை ஏற்றார்கள். தென்னாப்பிரிக்காவில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் குர்ஆனை விட்டுக்கொடுக்காமலே இதற்கு வழி தேடினார். 2025 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம் நாட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோது உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர்களில் ஒரு ஜோதிடர் உண்டு, முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் உண்டு, கிறிஸ்தவ அமைப்புகள் உண்டு. மற்ற எதிலும் சேராதவர்கள் இதில் மட்டும் ஒன்றுகூடினார்கள். அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விக்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். ஒரு கூட்டத்தில் சேருமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எனக்கு யார் தீட்சை தருவார், என் பாலினத்தவரே தரலாமா? என் துணையும் நானும் வட்டத்தில் இணையாக நிற்கலாமா? திருநங்கை தோழி ஒருத்தியைக் கூட்டிவந்தால் என்ன செய்வீர்கள்? "மரபு அப்படி" என்று யாராவது பதில் சொன்னால், எந்த வருஷத்து மரபு என்று கேளுங்கள். தீட்சைக்கென்று பணமோ உடலோ கேட்பவர் இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் அம்மாவோ அண்ணனோ இன்னும் பழைய சபைக்குப் போய்க்கொண்டிருந்தால், வாலியன்டி கதையை அவர்களிடமும் சொல்லுங்கள். போதகரிடம் நேரில் பேச உங்களுக்குத் தைரியம் இல்லாவிட்டால் இந்த மடலையே அவர் கையில் கொடுக்கலாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்