ஷூவைக் கழற்றாத நோயாளிகளும் உன் டாக்டர் பட்டமும்

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். மூன்று நாளாக அதுவே மனசில் ஓடுகிறது. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராக (நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்து எழுதும் உயர்நிலைச் செவிலியராக) இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் நாலு பேருக்கு உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

"எல்லாரும் டி.என்.பி. பண்றாங்கக்கா, நானும் அப்ளை பண்ணிரட்டுமா?" என்றாய். டி.என்.பி. என்றால் செவிலியர் பணிக்கான டாக்டர் பட்டம் (Doctor of Nursing Practice). 2004-இல் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம், உயர்நிலைச் செவிலியர் பணிக்கு வருகிறவர்கள் 2015-க்குள் டாக்டர் பட்டத்தோடுதான் வர வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தது. 2015 வந்தது, போனது. மாஸ்டர்ஸோடு வேலை பார்க்கும் நம்மை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர்களுக்கு மட்டும்தான் கதவு நிஜமாகவே சாத்தப்பட்டது; 2022 ஜனவரி முதல் அந்தப் படிப்பில் சேர்வதென்றால் டாக்டர் பட்டப் படிப்பில்தான் சேர முடியும். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயமில்லாத படிப்புக்குக் கடன் வாங்குகிறவளுக்குக் காரணமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளத்தான் என்றால் விட்டுவிடு. கலிபோர்னியாவில் டி.என்.பி. முடித்த ஒருவர் தன்னை டாக்டர் என்று விளம்பரப்படுத்தியதற்காக 2022-இல் ஏறக்குறைய 20,000 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

ஆனால் அதே போனில் வேறொன்றும் சொன்னாய். "எங்க கிளினிக்ல சுகர் பேஷண்ட்ஸ் யாரும் ஷூவைக் கழட்டுறதே இல்லக்கா. இருக்கிற பதினஞ்சு நிமிஷத்துல எங்க கால் பார்க்கிறது?" சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அங்கேயே காது நின்றுவிட்டது. உன் விண்ணப்பம் அதில்தான் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கால் முழுவதையும் பரிசோதிக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும், உன் டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் நடப்பதில்லை. பிரஷர் பார்க்கும் மெடிக்கல் அசிஸ்டென்ட்டே ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, மோனோஃபிலமென்ட்டை (காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழையை) மேசைமேல் எடுத்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? மாற்றத்துக்கு முன்னால் எத்தனை கால் பார்த்தீர்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை? அதுதான் டி.என்.பி. புராஜெக்ட். ஏற்கெனவே நிரூபணமானதை உன் இடத்தில் நடக்க வைப்பது.

அதற்குப் பதிலாக, "காலில் உணர்ச்சி போனதை இவர்கள் ஏன் கடைசி வரை சொல்வதே இல்லை?" என்பது உன் தூக்கத்தைக் கெடுத்தால் நீ பி.எச்.டி. ஆள். அது யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாததைத் தேடுவது. அதற்குக் கல்லூரியைத் தேடாதே, ஆளைத் தேடு. உன் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்யும் பேராசிரியர் யாரென்று பார்த்து, விண்ணப்பிக்கும் முன்பே அவருக்கு எழுது.

காசு விஷயமும் இங்கேதான் பிரிகிறது. முழுநேர பி.எச்.டி.க்குப் பல பல்கலைக்கழகங்கள் ஃபீஸைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் தருகின்றன. ஆனால் உன் சம்பளம் போய்விடும். டி.என்.பி.யை வேலையோடு படிக்கலாம், பெரும்பாலும் கைக்காசுதான். பிறகு பாடம் நடத்தப் போகும் எண்ணம் இருந்தால் செவிலியர் ஆசிரியர் கடன் திட்டத்தைப் (Nurse Faculty Loan Program) பற்றிக் கேள். முழுநேர ஆசிரியராக நான்கு வருஷம் வேலை பார்த்தால் கடனில் 85 சதவீதம் வரை தள்ளுபடியாகும். உன்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது, அதனால் தகுதி உண்டு.

டி.என்.பி.தான் என்றால் முதல் வேலை, மாஸ்டர்ஸ் படித்த கல்லூரியிலிருந்து கிளினிக்கல் மணி நேரத்துக்கு (நோயாளிகளிடம் பயிற்சி செய்த நேரத்துக்கு) ஒரு கடிதம். பி.எஸ்சி.க்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரம் காட்டச் சொல்லும் இடங்கள் இன்னும் நிறைய. மாணவியாக, மேற்பார்வையில் செய்த நேரம்தான் கணக்கு. ஆறு வருஷம் வேலை பார்த்தேன் என்பதை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் 600 இருந்தால் மீதி 400-ஐப் படிக்கும்போது முடிக்க வேண்டும். ஆன்லைன் கல்லூரி என்றால் உன் மாநிலத்தில் கிளினிக்கல் செய்ய அதற்கு அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள். ஊரில் படித்த கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டுக்கு (மதிப்பெண் பட்டியலுக்கு) இன்றைக்கே ஆள் அனுப்பு. எனக்கு அது வந்துசேர ஐந்து மாதம் ஆனது. அப்பா நான்கு தடவை பஸ் ஏறினார்.

விண்ணப்பக் கட்டுரையில் நைட்டிங்கேலின் விளக்கை ஏற்றாதே. நான் ஏற்றினேன். சின்ன வயசுக் கனவு, சேவை மனப்பான்மை, எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதினேன். இன்டர்வியூவில் ஓர் அம்மா காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் கிளினிக்கில் எது சரியில்லை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் இடமும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம், டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மாத்திரைச் சீட்டைத் தொலைத்துவிட்டு வருவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு வேலை செய். திங்கள் முதல் வெள்ளி வரை உன்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், அதில் ஷூவைக் கழற்றியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு. பெயர், தேதி எதுவும் வேண்டாம், துண்டுச் சீட்டில் கோடு போட்டால் போதும். சனிக்கிழமை பிள்ளைகள் தூங்கினதும் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா