பட்டனைக் கழற்ற விடாதே

அன்புள்ள கார்த்திக்,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கேம் ஆடும்போது வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை, அங்கே கடையில் பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்ட்ரிப்பை மாற்றச் சொல்கிறார்கள் என்றாயே, போனைத் திறக்க விடாதே. நம் கடைக்கும் வாரம் ஒரு பையனாவது இதே புகாரோடு வருகிறான்.

கேமை மூடிவிட்டு ஒரு பாட்டைப் போட்டு பட்டனை அழுத்திப் பார். சத்தம் கூடிக் குறைந்தால் பட்டன் நன்றாக இருக்கிறது. அப்புறம் கேமுக்குள் போ. மைக்கை ஆஃப் செய்து ஒரு தடவை அழுத்து, ஆன் செய்து ஒரு தடவை அழுத்து. திரை ஓரத்தில் வரும் வால்யூம் கோட்டில் உள்ள குட்டிப் படத்தைக் கவனி. முதலில் இசைக்குறி இருக்கும், அடுத்து போன் ரிசீவர் வரும்.

ஆண்ட்ராய்டில் மீடியா, கால், ரிங், அலாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வால்யூம். பட்டன் மட்டும் ஒரே ஜோடி. அந்த நேரத்தில் எது ஓடுகிறதோ அதைத்தான் அது பிடிக்கும். நீ மைக்கைத் திறந்ததும் பல கேம்கள் போனைக் கால் பேசும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் உன் கூட்டாளி குரல் உன் மைக்கிலேயே புகுந்து அவன் காதுக்குத் திரும்பப் போகும். அந்த எதிரொலியை அடக்கும் வசதி கால் நிலையில்தான் சரியாக இயங்கும்.

அதனால்தான் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் பூஜ்ஜியத்துக்குப் போகவில்லை. கால் வால்யூமின் கீழ் எல்லை பூஜ்ஜியம் இல்லை. துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் மீடியாவில் வருவதால் அது அசையவும் அசையாது. பட்டனை அழுத்தியதும் கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி தெரியும். அதைத் தொட்டால் எல்லாக் கோடுகளும் வரும், மீடியாவைத் தனியாகக் குறை. கூட்டாளிகள் கத்துவதைக் குறைக்க கேமின் ஆடியோ செட்டிங்கிலேயே வழி இருக்கும்.

ப்ளூடூத் இயர்பட்ஸ் பற்றியும் புலம்பினாய். மைக் ஆன் ஆனதும் அதுவும் கால் நிலைக்குப் போய், இடது வலது பிரியாத ஒற்றைச் சத்தமாகிவிடும். சத்தத்தின் தெளிவும் குறையும். பாட்டு சாதாரணமாக 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து பதிந்தது. கால் நிலையில் ப்ளூடூத் பெரும்பாலும் 8 அல்லது 16தான். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறான் என்று எப்படிக் கேட்கும்? விலை கூடிய இயர்பட்ஸ் வாங்கினாலும் பெரிய மாற்றம் இராது. கடைக்காரன் நானே சொல்கிறேன், இதற்காகக் காசைக் கொட்டாதே.

வயர் இயர்போனில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். உன் போனில் ஹெட்போன் ஓட்டை கிடையாது, டைப்-சிதான் வேண்டும். நம் கடையில் மைக்கோடு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன், வாங்கிக்கொள். அம்மா முறுக்கும் வைத்திருக்கிறாள்.

அப்பா