4.37 அல்ல, 4.46

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் பிளஸ் டூ வேதியியல் மாதிரி வினா-விடையில், 0.0001 மோலார் (லிட்டருக்கு 0.0001 மோல்) அசிட்டிக் அமிலத்தின், அதாவது வினிகரில் உள்ள அமிலத்தின், பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 4.37 என்று போட்டிருக்கிறீர்கள். 4.46 என்று வர வேண்டும். 0.09-க்கா ஒரு கடிதம் என்று நினைக்காதீர்கள், பிழை போட்ட வழியில் இருக்கிறது.

அமிலம் எவ்வளவு அயனிகளாகப் பிரியும் என்று காட்டும் பிரிகை மாறிலியையும் (1.8 × 10⁻⁵) செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் குறுக்குவழி, அமிலம் துளியளவே பிரியும்போதுதான் செல்லும். 0.1 மோலாரில் பிரிவது 1.3 சதவீதம், பி.எச். 2.87. அங்கே வம்பில்லை. ஆனால் கரைசல் நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடுமே! 0.0001 மோலாருக்கு அதே வழியில் போனால் 42 சதவீதம் பிரிந்ததாக வருகிறது. கிட்டத்தட்டப் பாதி அமிலம் பிரிந்துபோன பிறகும் செறிவு குறையவே இல்லை என்று எப்படி வைத்துக்கொள்வது? இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3.44 × 10⁻⁵. பிரிகை 34 சதவீதம். பத்தாம் வகுப்புச் சூத்திரம்தான், இரண்டு வரி கூடுதல்.

இந்தச் செறிவு ஏட்டுக்கணக்கும் அல்ல. 300 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் ஏறக்குறைய இதுதான். என்னிடம் டியூஷன் படிக்கும் பெண் விட்டுப் பார்த்தாள்; பி.எச். தாள் உடனே நிறம் மாறியது. அதே சொட்டைத் தேவிபட்டினம் கடல்நீரில் விட்டாள். தாளில் மாற்றமே தெரியவில்லை. அவளுடைய அப்பா இறால் குட்டைக்குக் காலையும் மாலையும் பி.எச். பார்ப்பவர். "காரத்தன்மை குறைஞ்சா பி.எச். ரொம்ப ஆடும்னு அத்தா சொல்லும் சார்" என்றாள். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் மாறாத தாங்கல் கரைசல் பாடத்தை அன்று அங்கிருந்தே ஆரம்பித்தேன். கடலில் அந்த வேலையைப் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் பார்க்கின்றன.

புத்தகக் கணக்கிலும் அதே கதைதான். ஒரு லிட்டரில் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் 0.1 மோல் வீதம் இருந்தால் பி.எச். 4.74. அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அசிட்டேட், அமில விகிதம் 0.09-க்கு 0.11 ஆகும், தாங்கல் கரைசலின் பி.எச். காணும் ஹென்டர்சன் சமன்பாட்டில் போட்டால் 4.65. வெறும் தண்ணீரில் சேர்த்திருந்தால் 2-க்கு விழுந்திருக்கும்.

திருத்தத்தை ஏதோ ஒரு மூலையில் போடாமல், அதே பக்கத்தில் படிகளோடு போடுங்கள். 4.46 என்று சரியாக எழுதியிருந்த அந்தப் பெண், பேப்பரைப் பார்த்துவிட்டு அதை அடித்து 4.37 ஆக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.