தலையில் கொத்துவது எல்லைச் சண்டையா?

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் கடற்பறவைகள் பற்றி வந்த கட்டுரை, ஆலாக்கள் (கூட்டமாகக் கூடுகட்டும் கடற்பறவைகள்) ஆய்வாளரின் தலைமேல் பாய்ந்து கொத்துவதை 'எல்லைக் காவல்' என்கிறது. முட்டை திருட வந்த விலங்கென்று நினைத்து நம்மை விரட்டுகின்றன, அவ்வளவுதான். அதற்குப் பக்கத்துக் கூட்டுப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். எல்லைத் தகராறு அந்தப் பக்கத்துக் கூட்டோடுதான். அதுவும் நாம் இருப்பதைப் பறவைகள் மறந்த பிறகே இயல்பாக நடக்கும்.

மறக்கவைப்பதுதான் பாதி வேலை. மறைவுக் கூடாரத்தைத் தொலைவில் நிறுத்தி, நாளுக்குச் சில மீட்டராக நகர்த்தி நெருங்க வேண்டும். துணி காற்றில் படபடக்கக் கூடாது. இருவர் போய் ஒருவர் மட்டும் வெளியேறினால் ஆள் போய்விட்டதாக நினைத்துப் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும். எழுந்த பறவைகள் மீண்டும் அடைகாக்க அமரும்வரை கண்டது எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த சிக்கல் கண். சத்தமான சண்டை பார்வையை இழுக்கும். அமைதியான ஜோடி குறிப்பேட்டில் இடம்பெறாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-லேயே எச்சரித்த பிழை இது. கூடுகளுக்கு அருகே எண்ணிட்ட முளைகளை முன்கூட்டியே அடித்து, எந்தக் கூட்டை எப்போது பார்ப்பதென்று சீட்டுப் போட்டு முடிவுசெய்து, கூட்டுக்கு 15 நிமிடம் பாருங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யங்கள் இல்லாமல் சராசரிக்குப் பொருளில்லை.

கடற்காகங்கள் கைகலப்பில் இறங்குவது குறைவு. தோரணையிலேயே காரியம் முடிந்துவிடும். கழுத்தை நிமிர்த்தி, அலகைக் கீழே சாய்த்து, சிறகின் முன்மூட்டை உடலிலிருந்து விலக்கி நடந்துவந்தால் அது மிரட்டல். ஹெர்ரிங் கடற்காகம் எல்லையில் நின்று புல்லை வெடுக்கென்று பிடுங்கும். விலங்கு நடத்தை அறிஞர் நிக்கோ டின்பெர்கன் விரிவாக விவரித்த இந்தச் செயலைப் புதியவர்கள் 'கூடு கட்டுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். கூடு கட்டும் பறவை புல்லைக் கூட்டுக்குக் கொண்டுபோகும். மிரட்டும் பறவை எதிராளியைப் பார்த்தபடி பிடுங்கும். மோதல் நடந்த இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் குறியுங்கள். கூட்டைச் சுற்றி வட்டம் போட்டு அதையே எல்லை என்பது சோம்பேறித்தனம். பாறையும் செடியும் எல்லையை வளைத்துவிடும்.

எல்லா இனத்துக்கும் ஒரே அளவுகோல் உதவாது. கேனட் என்ற கடற்பறவையின் கூடுகளுக்கு இடையே சுமார் 80 சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய அலகு எட்டும் தூரம். கில்லெமாட் என்ற கடற்பறவை கூடே கட்டாது. ஒரு சதுர மீட்டர் பாறையில் 20 ஜோடிகள்கூட ஒட்டி நிற்கும். தேதியை வைத்துக் கூடுகளை ஒப்பிடுவதும் தவறு. முட்டையிடும் முன், அடைகாக்கும்போது, பொரித்த பின் என ஆவேசம் மாறிக்கொண்டே இருக்கும்.

குஞ்சுகள் நடக்கத் தொடங்கியபின் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டும் இடத்துக்குள் போகவே கூடாது. மிரண்டோடும் குஞ்சு அடுத்த எல்லைக்குள் நுழைந்தால் கொத்துப்பட்டுச் சாகும். கருந்தலைக் கடற்காகம் முட்டையோட்டை உடனே அகற்றாமல் குஞ்சின் ஈரம் உலரும்வரை காத்திருப்பதற்கும் அக்கம்பக்கத்தார்மீதுள்ள பயமே காரணம் என்று டின்பெர்கன் குழு 1962-இல் விளக்கியது. ஈரக் குஞ்சை அந்த அண்டைப் பறவைகள் எளிதில் விழுங்கிவிடும். முளை அடிப்பது, அளப்பது எல்லாவற்றையும் குஞ்சுகள் நடக்கத் தொடங்கும் முன்பே, வெயிலும் மழையும் இல்லாத வேளையில் முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கடற்பறவைக் கள ஆய்வாளர்கள் சிலர்