வாயு பறந்துவிடும், எச்சம் தங்கிவிடும்

ஆசிரியருக்கு,

நம் மசாலாப் பொடிகளை வெளிநாடுகள் வேண்டுமென்றே குறிவைப்பதாகத் தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். 2024 ஏப்ரலில் எம்.டி.எச். நிறுவனத்தின் மூன்று பொடிகளிலும் எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவிலும் புற்றுநோய் அபாயமுள்ள கிருமிநாசினி வாயுவான எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங் அறிவித்தது. அதே மாதம் சிங்கப்பூர் அந்த மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. எங்கள் பொருள்களில் குறையில்லை என்றன நிறுவனங்கள். சிங்கப்பூர் இந்த வாயுவை மசாலாவுக்கு அனுமதிக்கும் நாடுதான். அங்கே பிரச்சினை அளவு மீறியது. ஆகவே சதியைத் தேடுவதற்கு முன், வாயு ஏன் தேவைப்பட்டது என்று பார்க்கலாம்.

காரணம் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி. மண் களத்தில், கோழியும் ஆடும் நடமாடும் இடத்தில் காயும் மிளகிலும் மிளகாயிலும் அது ஏறிக்கொள்கிறது. சரக்கு காய்ந்தபின் பெருகாதே தவிர, சாகாது, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்ல, மூட்டைகளை அறையில் அடைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு எத்திலீன் ஆக்சைடைச் செலுத்துகிறார்கள். சாக்கைத் தாண்டி உள்ளே போகும். நிறமும் மணமும் பெரிதாகக் குறையாது. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வாயு சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால்தான் ‘காற்றாடப் போட்டால் போய்விடும்’ என்ற நம்பிக்கை. ஆனால் அதில் ஒரு பகுதி சரக்கில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனால் ஆகிவிடுகிறது. அதன் கொதிநிலை சுமார் 128 டிகிரி. எத்தனை நாள் காற்றாடவிட்டாலும் அது போகாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த எச்சத்தை 0.55 ஆல் பெருக்கி, மிச்சமிருக்கும் வாயுவோடு கூட்டிப் பார்க்கிறது. மசாலாவுக்கு அங்கே வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதாவது எச்சம் மட்டும் 0.19 மில்லிகிராம் இருந்தாலே சரக்கு வரம்பைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலோ வாயுவுக்கு 7 மில்லிகிராம், எச்சத்துக்கு 940 வரை அனுமதி. ஒரே மூட்டை நியூயார்க்கில் இறங்கும், ராட்டர்டாமில் திரும்பும்! வாயு ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி, எச்சத்தின் அளவைத் தராத ஆய்வகச் சான்றிதழை நம்பி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றக் கூடாது.

மாற்று வழி நீராவி. முழு மிளகாகவோ மல்லியாகவோ இருக்கும்போதே நீராவி காட்டி, உலர்த்தி, ஆறவைத்து, பிறகுதான் அரைக்க வேண்டும். பொடிக்கு நீராவி காட்டினால் கட்டி தட்டும், மணமும் ஆவியோடு போகும். நீராவி காட்டிய சரக்கைப் பழைய தூசி படிந்த அரவையில் போட்டால் கிருமி மறுபடி ஏறும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கதிர்வீச்சால் கிருமியைக் கொல்லும் வழியும் உண்டு. நவி மும்பை வாஷியில் அணுசக்தித் துறையின் ஆலை 2000 முதல் இதைச் செய்துவருகிறது. கதிர்வீச்சு காட்டியதை உறையில் அச்சிட்டே தீரவேண்டும் என்பதால் ஐரோப்பிய வியாபாரிகள் தயங்குகிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18(3) பிரிவு விவசாயியையும் அவர் தோட்டத்தில் விளைந்ததையும் விலக்கிவைத்திருக்கிறது. சிறு விவசாயி மீது வழக்குப் போடாமலிருப்பது சரிதான். ஆனால் கிருமி ஏறும் களம் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் போகிறதே. கடையில் எடுத்த மாதிரிக்கு அறிக்கை தரப் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் அவகாசம். அதற்குள் அந்தப் பொடி குழம்பாகிவிடும். ஏற்றுமதியைக் கவனிக்கும் மசாலா வாரியம் வர்த்தக அமைச்சகத்திடம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதார அமைச்சகத்திடம். சர்ச்சை வெடித்ததும் சிங்கப்பூர், ஹாங்காங் சரக்குக்கு வாரியம் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. நம் தெருக்கோடி மளிகைக் கடைக்குப் போகும் பொடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதே 2024 ஏப்ரலில்தான், இந்தியாவில் பதிவாகாத பூச்சிமருந்துகளின் எச்ச வரம்பை மசாலாவுக்கு மட்டும் கிலோவுக்கு 0.01-லிருந்து 0.1 மில்லிகிராமாக ஆணையம் உயர்த்தியது. அறிவியல் குழுவின் பரிந்துரைப்படி செய்ததாக விளக்கமும் வந்தது. இருக்கலாம். வெளிநாட்டில் சரக்கு சிக்கிய மாதத்தில் உள்நாட்டு வரம்பைப் பத்து மடங்கு தளர்த்தினால் வாங்குபவர் என்ன நினைப்பார்?

நாட்டின் பெயரைக் காக்க மறுப்பு அறிக்கை போதாது. மிளகைப் பறித்ததும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சுத்தமான தார்ப்பாயில் காயவைத்தால் கிருமி பெருமளவு குறையும், நிறமும் நன்றாக வரும். மிளகாய் வத்தலை ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் இறங்கிய பிறகே மூட்டை கட்டவேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பிடித்து அஃப்லடாக்சின் என்ற நச்சு வரும். சிவகங்கை, குண்டூர் உள்பட வாரியத்தின் எல்லா மசாலாப் பூங்காக்களிலும் (பதப்படுத்தும் தொழில் வளாகங்கள்) சிறு அரவை ஆலைக்காரர் வாடகைக்கு எடுக்கும்படி நீராவி இயந்திரம் இருக்கவேண்டும். உள்நாட்டுப் பொடிகளின் சோதனை முடிவுகளை, 2-குளோரோஎத்தனால் அளவோடு, ஆணையம் மாதந்தோறும் தன் இணையதளத்தில் போடட்டும்.

— ஒரு வாசகர், விருதுநகர்